துடைக்கக் கூடாத எறும்புச் சாரை

எறும்பு மருந்து இப்போது ஊசிக் குழாயில் பசையாக வருகிறது. சுவர் ஓரத்தில் கடுகளவு வைத்து, செல்போனில் ஒரு படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். நான் ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனி வாட்சப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. மறந்திருப்பார்கள். போன மாதம் அதில் ஒருவர், "அண்ணாச்சி, மூணு தடவ மருந்து வச்சாச்சு. எறும்பு போவ மாட்டேங்குது. என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். "என்ன எறும்பு?" என்று திருப்பிக் கேட்டேன். "சின்ன எறும்பு" என்று பதில் வந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சின்ன எறும்பாம்! டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்கிறவனை என்ன செய்வது? நாலு வரி காரமாக எழுதினேன். அனுப்பப் போகும்போது ஜெசிந்தாவின் முகம் நினைவுக்கு வந்தது. எழுதியதை அழித்துவிட்டேன். எறும்பின் பெயர் தெரியாமல் மருந்தடித்து ஒரு வீட்டையே கலைக்கப் பார்த்தவன் நான். அதைச் சொல்லிவிட்டுக் கோபப்படுவதுதான் நியாயம்.

எனக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். தூத்துக்குடித் துறைமுகத்தில் பூச்சி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து பதினோரு வருடம் சரக்குக் கிட்டங்கிகளிலும் கப்பல்களிலும் புகைமூட்டம் போட்டேன். மரக்கட்டை, முந்திரிக்கொட்டை, தானியம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். தார்ப்பாயைப் போர்த்து, ஓரத்தில் மணல் பைகளை நெருக்கி அடுக்கி, காற்றுப் போகாமல் மூடி, மருந்தை விட்டு, சொன்ன நாள் கழித்துத் திறந்தால் உள்ளே உயிர் என்று ஒன்று இருக்காது. முழங்கால் தேய்ந்து கப்பல் ஏணி ஏற முடியாமல் போனதும் என்னை வீட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். கப்பலையே பார்த்தவனுக்கு வீட்டு எறும்பு எம்மாத்திரம் என்ற நினைப்போடுதான் போனேன்.

அங்கே மேற்பார்வையாளர் ஹெப்சிபா மேடம். நாசரேத்துக்காரர், விலங்கியல் படித்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "தயவுசெய்து" என்று அவர் தொடங்கினால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். கால் மணி நேரம் ஒன்றும் செய்யமாட்டார். அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து வீட்டுக்காரர்கள் காப்பி கொண்டு வந்து கொடுப்பார்கள். அதையும் குடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு பையிலிருந்து வெள்ளைத் தாள் துண்டுகளை எடுப்பார். ஒன்றில் சர்க்கரைப் பாகு, ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் கருவாட்டுத் தூள். எறும்பு எதைத் தேடி வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். தாளில் ஏறியதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, பெயரை வேலைத்தாளின் முதல் வரியில் எழுத வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால் தாள் நம் கைக்கே திரும்பி வரும். அதன் பிறகுதான் அது எங்கே போகிறது என்று பார்ப்பார். "வாற எறும்ப எல்லாரும் பாப்பாங்க. திரும்பிப் போற எறும்பப் பாருங்க. வாயில இருக்குறத அது வீட்டுக்குத்தான் கொண்டு போவும்" என்பார்.

வீட்டுக்குள் வருகிற எறும்புகளில் நாம் அதிகம் பார்ப்பது நாலைந்து வகைதான். கறுப்பாக, ஒரு ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைப் பிள்ளையார் எறும்பு என்போம். கடிக்காது, பாவம். கட்டெறும்பு மக்கிய மரத்தில் இருக்கும். வீட்டில் கட்டெறும்பு கண்டால் எறும்பை விட்டுவிட்டு எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். நெருப்பெறும்பு தரை வெடிப்பில் மண்ணைத் தள்ளி வைத்திருக்கும், அது கடித்தால் பெயரை நீங்களே சொல்லிவிடுவீர்கள். கடைசியாக ஒன்று உண்டு. உப்புக் கல் அளவுகூட இருக்காது. வெளிறிய மஞ்சள், வால் முனை மட்டும் கறுப்பு. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தூசி நகர்கிற மாதிரி இருக்கும். எனக்கு வில்லனாக வந்தது அதுதான்.

கடற்கரைப் பக்கம் கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு. போனில் கூப்பிட்டவர் அருள், மஸ்கட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை, விடுமுறையில் வந்திருந்தார். "அப்பா வாயில எறும்பு ஏறுதுங்க. உடனே வாங்க" என்றார். அவருடைய அப்பா மிக்கேல் அண்ணாச்சி துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, இடது கையையும் முகம் வரை தூக்க வலுவில்லை, பேச்சும் போய்விட்டது. அக்கா ஜெசிந்தா கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்.

நான் போனபோது ஜெசிந்தா கஞ்சி ஊட்டி முடித்து, ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டோரத்திலிருந்து எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அந்த மனிதர் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தார். எறும்பு மேலே ஊர்ந்தால் தட்டிவிட முடியாத ஒரு ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன். மனசு பதறிவிட்டது. பதறியதால்தான் உட்காரவில்லை, தாளை எடுக்கவில்லை, கண்ணாடியை எடுக்கவில்லை. வேலைத்தாளில் "சிற்றெறும்பு" என்று எழுதினேன். அடியில் சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் அது. கட்டிலோடு அவரை முன்னறைக்குத் தள்ளிவிட்டு, படுக்கையறை முழுக்க நெடியுள்ள மருந்தை ஸ்ப்ரேயரால் அடித்தேன். சாரை சாரையாகச் செத்து விழுந்தன. எனக்குப் பெருமைதான்.

புறப்படும்போது அருள், "இது ஏன் வருது?" என்று கேட்டார். எங்கள் தொழிலில் எல்லாரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. நானும் சொன்னேன்: "சுத்தமா வச்சிருந்தா வராதுங்க." அருள் திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன என்று நான் யோசிக்கவில்லை. பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டேன்.

எட்டாம் நாள் மறுபடி போன். இப்போது முன்னறையில், அடுப்படியில், மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்த மெழுகுவர்த்தித் தட்டில் எல்லாம் எறும்பு. அருள் என்னை வாசலிலேயே நிறுத்திக் கத்தினார். அவர் உள்ளே போன சமயத்தில் ஜெசிந்தா என் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன அந்த ஒத்த வார்த்தைய அவன் பிடிச்சிக்கிட்டான். நான் அழுக்கா வச்சிருக்கனாம். அப்பாவ எறும்பு திங்க விட்டுட்டனாம். பாளையங்கோட்டப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல பேசி முடிச்சிட்டான். இன்னும் மூணு வாரத்துல அவனுக்கு பிளைட்டு. அதுக்கு முன்ன கொண்டு விட்டுட்டுத்தான் போவானாம்."

அந்த வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டுத் தின்னலாம். நான் அதைப் பார்த்துத்தான் இருந்தேன். பார்த்துவிட்டும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். என் வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று மாலையே மேடத்தை அழைத்து வந்தேன். உட்கார்ந்தார், பார்த்தார், தாள் வைத்தார். கருவாட்டுத் தூளிலும் எண்ணெயிலும் மொய்த்ததைக் கண்ணாடியில் பார்த்து, "பார்வோன்" என்றார். பார்வோன் எறும்பு என்றுதான் உலகம் முழுக்க அதற்குப் பெயராம். "தயவுசெய்து சொல்லுங்க செல்லத்துரை, ஸ்ப்ரே அடிச்சீங்களா?"

அடித்தேன் என்றேன். மேடம் கண்ணாடியைப் பையில் வைத்தார். பிறகு என்னிடம் விளக்கினார். மற்ற எறும்புக் கூட்டில் ராணி ஒன்றோ இரண்டோ இருக்கும். இதில் நிறைய. நெடி பட்டதும் கூட்டம் பயந்து, ஆளுக்கொரு ராணியைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போய் நாலு இடத்தில் குடும்பம் நடத்தும். நான் கொன்றது வேலைக்காரர்களை மட்டும். "அடிக்க அடிக்க அதுக்கு மனசு கல்லாயிரும். பேருக்கு ஏத்த மாதிரி, பைபிள்ல வாற அந்த எகிப்து ராசா கணக்கா" என்றார்.

இதற்கு மருந்து பொறுமைதான். உடனே கொல்லாத இரையை அது தானே கூட்டுக்குச் சுமந்து போய், ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்ட வேண்டும். தூத்துக்குடியில் மக்ரூன் இனிப்பு போடுகிற பேக்கரிகளில் முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுகிற மஞ்சள் கருவை மேடம் ஒரு பேக்கரியில் சொல்லி வைத்து வாங்குவார். அதை வேகவைத்து மசித்து, கொஞ்சம் சர்க்கரைப் பாகு, துளியூண்டு போரிக் பவுடர் சேர்த்து, உறிஞ்சு குழலை விரல் நீளத்துக்கு வெட்டி அதற்குள் அடைப்போம். அப்பாவின் கைக்கோ வாய்க்கோ எட்டாத இடங்களில், சாரை ஓடும் வழியில் அந்தத் துண்டுகளை ஒட்டினோம். "ஒண்ணே ஒண்ணு. தயவுசெய்து இந்த வரியத் தொடைச்சிராதீங்க. அது வாசனை பிடிச்சி நடக்குற பாதை. தொடைச்சா வழி தவறி வேற பக்கம் போயிரும்" என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். ஜெசிந்தா தலையாட்டினார்.

மூன்றாம் நாள் போனால் குழல்கள் அப்படியே காய்ந்து கிடக்கின்றன. சுவரில் சாரை இல்லை. மேடம் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். பினாயில். ஜெசிந்தா முதலில் இல்லை என்றார், அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விடியக்காலம் அவன் எந்திரிக்கதுக்கு முன்ன தொடச்சிருதேன். அவன் கண்ணுல எறும்பு பட்டா அன்னைக்குப் பூரா அதே பேச்சு. என்னால கேக்க முடியல."

அசிங்கமானவள் என்று பெயர் வாங்கியதும் அவர்தான், சுத்தம் செய்தே வேலையைக் கெடுத்ததும் அவர்தான். மேடம் திட்டவில்லை. புதுக் குழல்களை ஒட்டிவிட்டு, "இருபது நாளாவது ஓட விடணும்மா" என்றார். ஜெசிந்தா பதறினார்.

"இந்த வெள்ளி மாசத்து முதல் வெள்ளி. மாதா கோயில் சாமி அப்பாவுக்கு நன்மை அப்பம் கொண்டு வாராக. தெருவுல உள்ளவங்களும் கூட வருவாங்க. சாமி நிக்குத இடத்துக்கு நேரா செவுத்துல எறும்பு ஓடுனா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?"

 நான் முந்திக்கொண்டேன். "தொடைக்காதீங்கம்மா. வெள்ளிக்கிழம நானும் வாரேன். உங்க பக்கத்துல நிக்கேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை போனேன். மேசையில் வெள்ளை விரிப்பு, இரண்டு மெழுகுவர்த்தி, கிண்ணத்தில் மல்லிகை. மிக்கேல் அண்ணாச்சிக்கு முகம் மழித்துச் சட்டை மாட்டியிருந்தார் ஜெசிந்தா. கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, சுவிட்ச் போர்டிலிருந்து மஞ்சள் நூல் இழுத்துக் கட்டியது போலச் சாரை ஓடிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு, துணியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

சாமியார் வந்தார், பின்னால் ஏழெட்டுப் பேர். செபம் சொல்லி நன்மை கொடுத்தார். முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "என்ன ஏளா, செவுரு பூரா எறும்பு?" என்றார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைப்பு. அருள் அதற்காகவே காத்திருந்த மாதிரி, "பாத்தீங்களா சாமி? இதுக்குத்தான் நான் இல்லத்துல சேக்கணும்ங்குதேன். இவ வச்சிருக்க லெச்சணம் இது" என்றார்.

எங்கள் கம்பெனியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் முன்னால் நம் தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாது. பதினெட்டு வருடமாக அதைக் காப்பாற்றி வந்தேன். அன்று என் வாய் நிற்கவில்லை.

"தம்பி, அந்த எறும்பு அங்கன ஓடுறது நான் சொல்லித்தான். அவங்க தொடைக்கணும்னு துடிச்சாங்க, நான்தான் விடல. முதல் நாள் என்ன எறும்புன்னு பாக்காம நான் தப்பு மருந்த அடிச்சேன். ஒரு கூட்ட நாலு கூடா ஆக்குனது நான். சுத்தமா இருந்தா வராதுன்னு சொன்னேன் பாருங்க, அதுவும் பொய். இது சுத்தமான வீட்டுக்கும் வரும். இத விடச் சுத்தமான வீட்ட நான் பாத்தது இல்ல."

 அருள், "சரி, அப்ப எங்க இருந்துதான் வருது? அதச் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. நான் திணறிக்கொண்டே சுவிட்ச் போர்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

அப்போது மிக்கேல் அண்ணாச்சியின் இடது கை அசைந்தது. ஜெசிந்தா ஓடிப்போய்ப் பிடித்தார். "கை இழுக்குது அவருக்கு. அடிக்கடி இப்பிடித்தான். நரம்பு கோளாறுன்னாங்க."

நான் பார்த்தேன். ஆள்காட்டி விரல் கீழே நீட்டியிருக்கிறது, சின்ன வட்டமாகச் சுற்றுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பதினோரு வருடம் கப்பலடியில் நின்று பார்த்த சைகை அது. கப்பலின் மேல்தட்டில் ஒருவர் நிற்பார். இரைச்சலில் வாயால் சொன்னால் கேட்காது, அதனால் மேலே உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்கு எல்லாவற்றையும் கையாலேயே சொல்வார். விரல் மேலே சுற்றினால் ஏற்று. கீழே சுற்றினால் இறக்கு. கட்டைவிரல் காட்டும் பக்கம் திருப்பு. கையை மூடினால் நிறுத்து.

"கைய விடுங்கம்மா. அவர் இறக்கச் சொல்லுதாரு" என்றேன். சுவிட்ச் போர்டில் இருந்த என் விரலைச் சுவரோடு கீழே இறக்கினேன். அவர் விரல் இன்னும் சுற்றியது. இன்னும் இறக்கினேன். கட்டைவிரல் தன் தலைப்பக்கம் திரும்பியது. நகர்த்தினேன். என் விரல் கட்டிலின் தலைமாட்டுக் குழாயைத் தொட்டதும் கை மூடியது.

குழாயின் முனையில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி. நெம்பினேன். மஞ்சள் தூள் கொட்டுவது போல எறும்பும் வெள்ளை முட்டையும் பொலபொலவென்று வந்தன. உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, "டேப்பு, டேப்பு" என்று கத்தினேன். சாமியார்தான் என் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். நோயாளி கட்டிலில் கிடப்பதால், எறும்பு கட்டிலுக்கு வருகிறது என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். அது கட்டிலிலிருந்து புறப்பட்டிருக்கிறது. நான் மருந்தடித்த அன்று அந்தக் கூட்டைப் பத்திரமாக முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனவனும் நானே. அந்த மனிதரின் காதோரமாக அவை போய்வந்திருக்கின்றன. அவரை யாரும் கேட்கவில்லை.

"இந்தக் கட்டில் எங்க வாங்குனது? இந்த எறும்பு ஆஸ்பத்திரியில அதிகம் உண்டு" என்றேன். ஜெசிந்தா பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தார். நானாக இருந்தால் தம்பியைச் சும்மா விட்டிருக்கமாட்டேன். அருள்தான், "நான்தான் ஆள் வச்சி எடுத்து அனுப்புனேன். மூடுன ஆஸ்பத்திரி ஒண்ணுல ஏலம் போட்டாங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அப்பாவை வேறு கட்டிலுக்கு மாற்ற வேண்டும். அருள் குனிந்து தூக்கப் போனார், எங்கே கை கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். "கழுத்துக்கு அடியில ஒரு கை குடு. வலது தோளப் பிடிக்காத, அவருக்கு வலிக்கும். ம், இப்பத் தூக்கு" என்று ஜெசிந்தா சொல்லச் சொல்லத் தூக்கினார். தலையணையில் சாய்த்ததும் மறுபடி அந்த விரல் மேலே சுற்றியது. அருள் என்னைப் பார்த்தார். "ஏத்தச் சொல்லுதாரு" என்றேன். தலையணையைக் கொஞ்சம் ஏற்றினார். விரல் சுற்றியது. இன்னும் ஏற்றினார். கை மூடியது.

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு மாசமா சொல்லிக்கிட்டுல்லா இருந்திருக்காரு! நான் இழுப்புன்னு கையப் பிடிச்சிப் பிடிச்சி அமுக்கிட்டேனே" என்று வாய்விட்டு அழுதார். அருள் பக்கத்தில் உட்கார்ந்து, "எக்கா, அழாத. எனக்கும் தெரியலல்லா" என்றார். அன்று நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கட்டிலின் குழாய் முனை எல்லாவற்றையும் டேப்பால் அடைத்து வெளியே தூக்கிப்போய், ஒவ்வொரு முனையாகத் திறந்து கொதிக்கிற தண்ணீரை ஊற்றினோம். என் ஸ்ப்ரேயால் சிதறிப் போன மற்ற கூடுகளுக்கு மஞ்சள் கருதான். இந்தத் தடவை ஜெசிந்தா துடைக்கவில்லை, யாரும் துடைக்கச் சொல்லவும் இல்லை. சாரை முதல் வாரம் பெருத்தது, இரண்டாம் வாரம் மெலிந்தது. துறைமுகச் சைகைகளை ஒரு தாளில் எழுதித் தரக் கேட்டார் அருள். எழுதிக் கொடுத்தேன். சுவரில் ஒட்டி, அவரே படித்துப் பழகினார். இல்லத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று அருள் சொல்லிவிட்டதாக ஜெசிந்தா பிறகு சொன்னார். குறித்த நாளில் அருள் மட்டும் பிளைட் ஏறினார்.

அடுத்த வாரம் மேடமும் நானும் கடைசிச் சோதனைக்குப் போனோம். எல்லா அறையிலும் தாள் துண்டு வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றில்கூட ஒரு எறும்பு இல்லை. நான் கட்டிலருகே நின்று வேலைத்தாளை எழுதிக்கொண்டிருந்தபோது, மிக்கேல் அண்ணாச்சி கட்டைவிரலை இடப்பக்கம் காட்டினார். பகீரென்றது. இடப்பக்கச் சுவரைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி காட்டினார். முழங்கால் வலியோடு குனிந்து கட்டிலின் அடியில் டார்ச் அடித்தேன். அங்கேயும் இல்லை. அவர் முகத்தில் லேசாக எரிச்சல் தெரிந்தது, கட்டைவிரல் விடாமல் ஆடியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் பின்னால் முற்றத்தில் ஜெசிந்தா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், நான் நடுவில் நின்று மறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு எட்டு இடப்பக்கம் தள்ளி நின்றேன். அவர் கையை மூடினார்.